கிணற்றடிப் பள்ளம்

ஸுல்பிகா எதையும் மணந்து பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வாள். மீன், பால்மா, கடையில் வாங்கிய சட்டைத் துணி, எதுவானாலும். கலியாணமான கிழமையே ஸஹாப்தீன் கேட்டார்: “என்னயும் மணந்து பாத்துத்தான் எடுத்தியா?” பதினெட்டு வருடமாகியும் அவள் மாறவில்லை.

போன மாரி கழிந்ததும் கிணற்றுத் தண்ணீரில் ஒரு மணம் வந்தது. கருகிய வயர் மாதிரி. பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர். ஸுல்பிகாவின் கண் உடனே வேலிக்கு அப்பால் போனது. அங்கேதான் ஜவாஹிர் இருந்தான். கிண்ணியா முழுக்கச் சைக்கிளில் அலைந்து செத்த போன், உடைந்த டீவி, பழைய பற்றரி எல்லாம் வாங்கிச் சேர்க்கிறவன். மூன்று மாதத்துக்கொருமுறை கொழும்பிலிருந்து லொறி வந்து ஏற்றுகிறது என்பான். அந்த லொறியை அவள் கண்டதில்லை. கொட்டிலுக்குப் பின்னால் மண்வெட்டி சாத்தியிருந்ததைத்தான் கண்டாள்.

“என்னத்தப் புதைக்கிறாய், ஜவாஹிர்?”

“ஒண்டுமில்ல ராத்தா. பற்றரியெல்லாம் மணல் வாளியில கிடக்கு. வந்து பாருங்க.”

“வாளியக் காட்டுவாய். குழியக் காட்டுவியா?”

ஒழுங்கை முழுக்க, வீட்டுக்கு வீடு சொன்னாள். சனம் அவனுக்குச் சாமான் கொடுப்பதை நிறுத்தியது. பிறகு சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிட்டாள். அவர் ஆட்களோடு வந்து ஜவாஹிரின் வளவை நாலு இடத்தில் கிண்டினார். வெறும் வெள்ளை மணல். சாமான் ஏற்றும்போது லொறிக்காரர் கொடுத்த ரசீதுத் துண்டுகளும் திகதி வாரியாக இருந்தன.

“அப்ப தண்ணி ஏன் மணக்குது?” என்றாள் ஸுல்பிகா, விடாமல்.

ஜவாஹிர் தயங்கித்தான் கேட்டான். “ராத்தா, வெள்ளத்துக்குப் பிறகு உங்கட கிணத்தடிப் பள்ளத்த நிரப்ப எங்கயிருந்து மண் கொண்டந்து பறிச்சீங்க?”

ஸஹாப்தீன் தலையைச் சொறிந்தார். மலிவாகக் கிடைத்த மூன்று உழவு இயந்திரப் பெட்டி மண். மேல் மண்ணை அள்ளி மணந்து பார்த்து, சரி, பறிக்கச் சொல்லுங்க என்றவள் ஸுல்பிகாதான். அந்தப் பள்ளத்தில் ஒரு முழம் கிண்டியதும் வெளியே வந்தன: டீவிச் சர்க்கியூட் பலகைகள், எரித்த வயர்க் கட்டு, ஊதிப்போன பற்றரிகள்.

பரிசோதகர் கிணற்றை மூடச் சொன்னார். ஜவாஹிர் கையுறை போட்டு, எல்லாவற்றையும் பொறுக்கித் தன் வாளிகளில் நிரப்பினான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒழுங்கைக்காரர் அதற்குள் வேறொருவனுக்குச் சாமான் கொடுத்துப் பழகிவிட்டார்கள். அவன் செம்புக்காகக் கடற்கரையில் வயர் எரிக்கிறவன். பிழைப்பில்லாமல் ஜவாஹிர் மூதூருக்குப் போய்விட்டான். அதற்கு முந்திய பெருநாளில் ஸுல்பிகா வழக்கம்போல வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்டவள்தான். வேலிக்கு அப்பால் மட்டும் போகவில்லை.

“மூதூர் என்ன மக்காவா? பஸ் ஓடுதுதானே,” என்கிறார் ஸஹாப்தீன்.

“ஓம், போகத்தான் வேணும்,” என்கிறாள். இன்னும் போகவில்லை.