ஓய்கன் மெச்சிய மாவு மூட்டை

ஜெர்மனியில் லவுட்டர்டிங்கன் என்ற ஊரில் சாப்பாடு நன்றாக இருந்தால் "சாப்பிடலாம்" என்பார்கள். சொர்க்கத்திலிருந்தே இறக்கித் தட்டில் வைத்தால் "மோசமில்ல" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அந்த ஊரில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. பேக்கரி ஓய்கன் ஹேஃபலே கல்யாணத்தன்று மணப்பெண்ணைப் பார்த்து, "குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். அந்தப் புண்ணியவதி கண்ணை மூடும்வரை அதைத் தோழிகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

இப்போது ஓய்கனுக்கு அறுபத்தொரு வயது. உள்ளே அடுப்பு அவருடையது. வெளியே கடை, விற்பனை பார்க்கும் ரோஸ்விதாவுடையது. இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான்.

ஒரு திங்கட்கிழமை ரோஸ்விதா வந்து நின்றார்.

"முதலாளி, உல்ம் டவுன்ல ஒரு பெரிய கடையில என்னை வேலைக்குக் கூப்பிடுறாங்க. அந்த மேனேஜர் போன மாசம் இங்க பன் வாங்க வந்தாரு. நான் வேலை செய்யறதப் பாத்துட்டு பிரமாதம்னாரு. சனிக்கிழமை காலையில பதில் சொல்லணும்."

"சரி" என்றார் ஓய்கன்.

அவ்வளவுதான் வாயில் வந்தது. உள்ளே போய் மாவு பிசைந்தவர் உப்புப் போட மறந்தார். அன்றைக்கு ஊரே உப்பில்லாத பன் தின்றது.

மறுநாள் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு. நடன வகுப்பில் இடமில்லாததால் ஓய்கன் இதில் சேர்ந்திருந்தார். அயர்லாந்துக்கார டீச்சர் ஓர்லா பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதினார்: அட்மயர். ஒன்றை நல்லது என்று கண்டு மெச்சுவது என்று விளக்கினார். தினமும் பத்து வாக்கியம், எதிரில் இருக்கிற ஆளிடமோ பொருளிடமோ சொல்ல வேண்டும்.

"மனசுக்குள்ள சொன்னா போதாதா டீச்சர்?"

"வாயத் தொறந்து சொல்லணும், ஓய்கன்."

"கஷ்டமான பாஷைதான்."

புதன்கிழமை ஓய்கன் ஆபத்தில்லாத இடத்தில் தொடங்கினார். "ஐ அட்மயர் த அடுப்பு" என்றார். அடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. மாவு மூட்டையை மெச்சினார். துடைப்பத்தை மெச்சினார். தைரியம் கூடியதும் கடைக்குள் எட்டிப் பார்த்து, பன் வாங்க வந்த மைலெண்டர் அம்மாவின் தொப்பியை மெச்சினார். அந்த அம்மாவுக்கு அட்மயரின் அர்த்தம் ரோஸ்விதா சொல்லித்தான் தெரிந்தது. உடனே தொப்பியைக் கழற்றிக் காக்கை எச்சம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஹேஃபலே, உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லையே."

"பொய் சொல்லாதீங்க. எங்க வீட்டுக்காரரும் கடைசி வாரத்துல இப்படித்தான் நல்லவிதமா பேசினாரு."

மத்தியானத்துக்குள் செய்தி மூன்று கிராமம் தாண்டியது. நாலு வீட்டிலிருந்து சூப் வந்தது. பாதிரியார், சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லிவிட்டு அரைமணி நேரம் ஓய்கனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரையும் ஓய்கன் மெச்சினார். பாதிரியார் உடனே ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளி இரவுக்குள் முப்பது வாக்கியம் முடிந்தது. தபால்காரரின் மீசை, பக்கத்துக் கடை நாய், மேயரின் சைக்கிள் எல்லாம் ஆயிற்று. ரோஸ்விதாவின் பக்கம் மட்டும் வாய் திரும்பவில்லை. பக்கத்தில் போவார், தொண்டையைக் கனைப்பார், பிறகு தராசை மெச்சிவிட்டுத் திரும்புவார்.

சனிக்கிழமை காலை வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ரோஸ்விதா பன்களைப் பையில் போட்டபடியே, பின்னால் தட்டோடு வந்து நின்ற ஓய்கனிடம் திரும்பாமல் பேசினார்.

"மாவு மூட்டைக்கு மூணு தடவை. துடைப்பத்துக்கு ரெண்டு தடவை. நான் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன் முதலாளி. எனக்கு ஒண்ணுகூட இல்லையா?"

வரிசை முழுவதும் ஓய்கன் பக்கம் திரும்பியது.

"அதெல்லாம் வீட்டுப்பாடம்" என்றார் ஓய்கன். "வீட்டுப்பாடத்த உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"வீட்டுப்பாடம் வேணாம். நம்ம பேச்சுல சொல்லுங்க."

ஓய்கனின் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது.

"மைலெண்டர் அம்மாவோட வீட்டுக்காரர் போனப்புறமும் நீங்க எப்பவும்போல ரெண்டு பன்னுதான் கட்டிக் கொடுத்தீங்க. நாலு மாசம். அவங்களா 'இனிமே ஒண்ணு போதும்'னு சொல்ற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை கேக்கல. நான் உள்ள இருந்து பாத்தேன். எனக்கு அது தோணியிருக்காது." தராசைப் பார்த்தார், திரும்ப ரோஸ்விதாவைப் பார்த்தார். "எங்கயும் போகாதீங்க."

மைலெண்டர் அம்மா கைக்குட்டையைத் தேடினார். தபால்காரர் கூரையைப் பார்த்தார்.

ரோஸ்விதா கையிலிருந்த பையின் வாயை மடித்தார். அதை மடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"உல்ம்ல மாசத்துல ஒரு சனிக்கிழமை லீவு."

"எடுத்துக்கோங்க."

"அன்னிக்கு இங்க யாரு நிப்பா?"

"நான் நிக்கறேன்."

"ஐயோ!" என்று மொத்த வரிசையும் அலறியது. போன தடவை ரோஸ்விதாவுக்குப் பல்வலி வந்தபோது ஓய்கன் ஒருநாள் கடையில் நின்றார். "என்ன வேணும்?" என்று அவர் கேட்ட அதட்டலில், வந்தவர்களில் பாதிப்பேர் செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொண்டு ஓடினார்கள்.

"லீவு அன்னிக்குக் கடைய மூடிடுங்க" என்றார் மைலெண்டர் அம்மா. "நாங்க வெள்ளிக்கிழமையே வாங்கி வச்சுக்கறோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ரோஸ்விதா சுவரோரம் இருந்த தொலைபேசியை எடுத்து உல்முக்குப் பேசினார். பதினொரு விநாடி. அதில் நாலு விநாடி வணக்கம் சொல்லவே போயிற்று.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தார்.

"அடுத்து யாரு?"