நான் கேட்டு வாங்கிய சங்கிலி

என் மாமியாரின் முறுக்குச் சங்கிலி நாலு பவுன். மூத்த மருமகள் நான். ஆனால் அது போய்ச் சேர்ந்தது என் கொழுந்தன் மனைவியின் கழுத்துக்கு. மாமியார் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். நான் இங்கே கருமத்தம்பட்டியில் இரண்டு குடும்பத்துத் தறிகளையும் ஒருத்தியாக ஓட்டிக்கொண்டு நின்றேன். உட்கார்ந்தவளுக்குக் கிடைத்தது, நின்றவளுக்குக் கிடைக்கவில்லை. அதை வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன் என்று எழுதினால் பொய். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பின்னால் பொதுவாகத் தறிக்குடோன். காலையில் தறி ஓட ஆரம்பித்தால் கத்தினால்தான் பேச்சு கேட்கும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கத்தித்தான் பேசும். தறி நின்றுவிட்டால் அவள் கடுகு தாளிப்பதுகூட எனக்குக் கேட்கும். பொறாமைப்படுவதற்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது.

மாமியார் போய் நாலாவது வருடம், அரைப் பரீட்சை லீவில் அவள் மகனுக்குக் கன்னம் வீங்கியது. பொன்னுக்கு வீங்கி. இரண்டு பக்கமும் காதுக்குக் கீழே உப்பி, முகம் பூசணி மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் இதற்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவார்கள். தங்கம் பட்டால் வீக்கம் இறங்கும் என்று நம்பிக்கை. நாமக்கட்டியை உரசிக் கன்னத்தில் பூசுவார்கள். அவளும் இரண்டையும் செய்திருந்தாள்.

நான் சுவர் ஓரமாகத் துணி காயப்போடும்போது பார்த்தேன். வாசலில் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்கிறான். கழுத்தில் மாமியாரின் சங்கிலி. தொப்புள் வரைக்கும் தொங்குகிறது. எட்டு வயதுப் பையன், அதன் நுனியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருக்கிறான். பிள்ளைக்கு என்ன வலியோ என்று எனக்குத் தோன்றவில்லை. சங்கிலிதான் கண்ணில் பட்டது. என் கழுத்தில் ஒரு நாள்கூட ஏறாதது அவன் எச்சிலில் ஊறுகிறதே என்று வயிறு எரிந்தது.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. லீவு முழுக்க மேட்டுப்பாளையத்தில் என் அம்மா வீட்டில் இருந்துவிட்டு அன்று காலையில்தான் திரும்பியிருந்தாள். அவளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நலம் விசாரிக்க என்று பெயர்.

கொழுந்தன் மனைவி கதவருகிலேயே வந்து நின்றுகொண்டாள்.

"ஏனுங்க்கா, நீங்க வாங்க. புள்ளைய உள்ள கூட்டிட்டு வராதீங்க. ஒட்டிக்குமுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு."

"ஏம்மணி, என்ற புள்ள உன்ற ஊட்டுக்குள்ள வரக்கூடாதா?"

"அய்யோ, அப்படி இல்லீங்க்கா. அஞ்சு நாளைக்கு யாரையும் கிட்ட சேர்க்க வேண்டாம்னாரு. டம்ளரு, தட்டு எல்லாம் தனியா வெக்கச் சொன்னாரு."

அவள் சொன்னது முழுக்கச் சரி. இன்றைக்குத் தெரிகிறது. அன்று எனக்குக் காதில் விழுந்ததெல்லாம், நீ வெளியே நில் என்பது மட்டும்தான். சங்கிலியை வாங்கிக்கொண்டவள் இப்போது ஒட்டும், சேரக்கூடாது என்று எனக்கே சட்டம் பேசுகிறாளா என்று நினைத்தேன். அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மகளும் பின்னால் வந்தாள்.

ஒரு மணி நேரம் இருந்தேன். என் மகள் கட்டிலில் அவனோடு ஒட்டிக்கொண்டு போனில் விளையாடினாள். அவனுக்கு வெட்டி வைத்த இளநீரில் ஒரே ஸ்ட்ரா. அவன் ஒரு உறிஞ்சு, இவள் ஒரு உறிஞ்சு. நான் பார்த்தேன். தடுக்கவில்லை. கொழுந்தன் மனைவி இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்க்கிறாள் என்பதற்காகவே நான் தடுக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டேன். "ஒட்டிக்கும்னு சொல்றயல்ல? அப்ப என்ற புள்ளைக்கும் சங்கிலி வேணும். வர்றதுக்கு முன்னாலயே போட்டு வெச்சுக்கறேன். குடு."

"இவனுக்கே இன்னும் எறங்கலீங்க்கா."

"அத்தையோட நகை. உன்ற புள்ள மட்டுந்தான் பேரப்புள்ளயா?"

மூன்று நாளாகத் தூங்காத முகம் அவளுக்கு. சண்டை போடத் தெம்பில்லை. மகன் கழுத்திலிருந்து கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். ஈரமாக இருந்தது. நாமக்கட்டி அங்கங்கே காய்ந்து ஒட்டியிருந்தது. முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்து அங்கேயே, அவள் கண் முன்னாலேயே, என் மகள் கழுத்தில் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் மகளிடமிருந்து வாங்கிக் கண்ணாடி முன்னால் நானும் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் மகனுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. சங்கிலி இல்லாமலேயே வடிந்தது. அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் என் மகளுக்கு ஒன்றும் வராததால், தங்கம் காப்பாற்றிவிட்டது என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த நோய் உள்ளே புகுந்து இரண்டு மூன்று வாரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் வெளியே வரும் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காலையில் மகள், இட்லியை மெல்ல முடியவில்லை, காதுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். உடம்பு லேசாகச் சுட்டது. பீற்றிக்கொண்டு திரிந்தவள் எப்படி ஒத்துக்கொள்வேன்? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் இடது கன்னம் வீங்கியது. பிறகு அவள் வகுப்பில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு வந்தது. அதுவும் என் கணக்கில்தான்.

அவிநாசி ரோட்டிலுள்ள குழந்தை டாக்டர் அவள் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தார்.

"எதுக்குங்க இது?"

"வீக்கம் எறங்கறதுக்குங்க."

"போடறதுன்னா போட்டுக்குங்க. ஆனா கிருமி எச்சில்லயும் மூச்சுலயும் போகுது. இருமினா, தும்முனா, ஒரே டம்ளர்ல குடிச்சாப் போகுது. தங்கம் அத என்னங்க பண்ணும்? நோவு வந்த புள்ளைகிட்ட கொண்டுபோய் உட்கார வெச்சீங்களா?"

மகள் கழுத்துச் சங்கிலியை அவள் சட்டைக்குள் தள்ளினேன். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, அரசாங்கம் போடுகிற ஊசியில் இது சேரவில்லை, தனியாகப் போட்டிருக்கலாம் என்றார். எனக்கு உடனே கொழுந்தன் மனைவியின் கைக்குழந்தை ஞாபகம் வந்தது. அண்ணனோடு அதே அறையில்தான் படுத்தது. அதற்கு ஒன்றுமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டேன். "சின்னதுக்கு இந்த ஊசி போட்டுட்டதானே? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சின்னதுக்குப் போடறப்பவே சொன்னேனுங்க்கா. பெரிய புள்ளைகளுக்கும் இப்பப் போடலாமாம், ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போலாம்னு. நீங்கதான் பெரிய டாக்டரம்மா வந்துட்டான்னு சிரிச்சீங்க. நீங்க வராம நானும் அப்படியே உட்டுப்போட்டேன்."

சிரித்தேன்தான்.

வீக்கம் ஒரு வாரத்தில் போய்விட்டது. முடிந்தது என்று நினைத்தோம். மகளைக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் தறிச் சத்தம் என்று விட்டுவிடுவோம். இன்னும் கொஞ்சம் கத்துவோம். தறி ஓடுகிற வீட்டில் யாருக்குக் காது கேட்கவில்லை என்று எப்படித் தெரியும்?

மாதாந்திரக் கரண்ட் ஷட்டவுன் அன்று எல்லாத் தறியும் நின்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து என் அம்மா போனில் பேசினார். போனை மகளின் இடது காதில் வைத்தேன். அவள் இரண்டு நொடி சும்மா இருந்தாள். பிறகு போனை வாங்கி வலது காதுக்கு மாற்றிக்கொண்டு, "சொல்லுங்க பாட்டி" என்றாள்.

"ஏன் கண்ணு மாத்துன?"

"அந்தக் காதுல போன் பேசாதும்மா."

எத்தனை நாளாக என்று கேட்டேன். கன்னம் வீங்கியதிலிருந்து என்றாள். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தாளாம்.

கோயம்புத்தூரில் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்தார்கள். இடது காது முழுக்கப் போய்விட்டது. இந்த நோயில் அபூர்வமாக இப்படி ஆகும், திரும்ப வராது, வலது காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். திரும்பி வரும்போது அவிநாசி ரோட்டில் பஸ் நெரிசலில் நின்றது. சுற்றிலும் ஹாரன். என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று சொன்னார்: "நீ அன்னிக்கு அங்க போயிருக்க வேண்டாம்." எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால்.

மறுநாள் சங்கிலியைக் கொண்டுபோய்க் கொழுந்தன் மனைவியிடம் நீட்டினேன். அவள் அழுதாள். "நீங்களே வெச்சுக்குங்க்கா. எனக்கு வேண்டாமுங்க" என்றாள். நாலு வருடமாக எந்த வார்த்தையைக் கேட்க ஏங்கினேனோ அதைச் சொல்லிவிட்டாள். அவள் மேசையில் சங்கிலியை வீசிவிட்டு வந்தேன். அவள் மகனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. அவனிடமிருந்து வந்த நோய்தான், அவனை ஒன்றும் செய்யவில்லை. சங்கிலிக்கு எரிந்த வயிறு இப்போது ஒரு பையனின் காதுக்கு எரிகிறது.

இப்போது எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்குக் கன்னம் வீங்கினாலும் நான் போய் வாசலில் நிற்கிறேன். சங்கிலி போடு, நாமக்கட்டி பூசு, என்னமோ பண்ணு, கதவை மட்டும் சாத்து, டம்ளரைத் தனியாக வை, அஞ்சு நாள் வெளியே விடாதே என்று கத்துகிறேன். முதுகுக்குப் பின்னால் ஒருத்தி, "சங்கிலிக்காரி வந்துட்டா" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். அவள் பிள்ளைகளுக்கு ஊசி போட வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

தினமும் காலையில் என் மகளும் கொழுந்தன் மகனும் பள்ளி வேனுக்குச் சேர்ந்து நடக்கிறார்கள். அவன் எப்போதும் அவளுக்கு வலது பக்கமாகவே நடக்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போன வாரம் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போனாள். நான் பின்னால் ஓடி, இடது பக்கமாக நின்று கூப்பிட்டேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தடவை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. அவன்தான் அவள் தோளைத் தட்டி, வலது காதுக்கு அருகில் குனிந்து, "உங்கம்மா கூப்படறாங்க" என்றான்.

அவள் அவனைப் பார்த்துத்தான் திரும்பினாள். பெற்றவள் நான், அவளுக்குக் கேட்கும் பக்கம் எனக்குத் தெரியவில்லை, அவனுக்குத் தெரிகிறது. பாட்டிலை அவனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.