மூன்று கால் பானையும் என் கூழும்

என் அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்த பானை யாரோ ஒரு சீனரின் அஸ்திப் பானை என்று, ஒரு ஞாயிறு முற்பகலில் முழுமனதாக நம்பியவன் நான். அப்போது எனக்கு ஐம்பது வயது. சின்னப்பிள்ளை என்று மன்னிக்கவும் வழியில்லை.

வீட்டுக்குக் கிட்ட, மார்க்ஸ் டோர்மோயில் தெருவோரப் பழஞ்சாமான் சந்தையில் ஆசைப்பட்டுத் தூக்கிவந்த மண்பானை அது. பெருத்த வயிறு, தடித்த மூன்று கால்கள். காஸ் அடுப்பின்மேல் சொல்லிவைத்ததுபோலக் குந்தியது. வயிற்றில் ஒரேயொரு சீன எழுத்து, வாயைத் திறந்து காலை அகட்டி நிற்கும் ஆளைப்போல.

அன்று மகளைப் பெண் கேட்டுத் புறநகர்த் திரான்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வருகிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பனுக்குக் கூழென்றால் உயிராம். நண்டு, இறால், பலாக்கொட்டை, பனங்கிழங்கு ஒடியல் மா என்று லா ஷப்பல் தமிழ்க் கடைகளையே பானைக்குள் இறக்கியிருந்தேன்.

"இதிலை என்னப்பா எழுதியிருக்கு?" என்றாள் மனைவி.

"கூழ் குடியுங்கோ எண்டு எழுதியிருப்பான்."

"பகிடியை விட்டிட்டு, கீழ்வீட்டுப் பிள்ளையிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ."

தரைத்தளத்துக் கீழ்வீட்டுச் சீனப் பெண் நகம் அழகுபடுத்தும் கடையில் வேலை செய்பவள். என் கைபேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்; தன் கைபேசிக்கும் அனுப்பிக்கொண்டாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியவில்லை, மிஸ்யூ. மிகவும் பழைய எழுத்து" என்று பிரெஞ்சில் கூசிக்கொண்டு சொன்னாள். பாவமாக இருந்தது. பழந்தமிழ்ப் பாட்டொன்றை நீட்டினால் நானும் இப்படித்தானே முழிப்பேன். அவள் அதோடு நிறுத்தவில்லை. "ஊரில் மியூசியத்தில் பார்த்த ஞாபகம். கல்லறையிலிருந்து எடுத்த பானைகள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கேட்டுச் சொல்கிறேன்."

கல்லறைக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. நாலு மாடியையும் ஒரே மூச்சில் ஏறினேன். மகளின் சம்பந்தம் இந்தப் பானையோடு போய்விடும் என்றே நினைத்தேன். கூழை அப்படியே குசினித் தொட்டிக்குள் கவிழ்த்தேன். நண்டுக் கால்கள் குழாயை அடைத்துக்கொண்டன.

"உங்களுக்கென்ன விசரே?" மனைவி அகப்பையோடு நின்றாள்.

"கல்லறைப் பானையடி! சம்பந்திக்குச் சாம்பலே கரைச்சுக் குடுக்கிறது?"

"சம்பந்தம் இன்னும் முடியேல்லை. அதுக்குள்ளை நீங்கள் கூழை முடிச்சிட்டியள்."

மணி அடித்தது. திரான்சிக்காரர் நால்வர். அவர்களுக்குப் பின்னால் மூச்சிரைக்கச் சீனப் பெண், கையில் துண்டுத்தாள்.

வாசலிலேயே வாசித்தாள். அப்பா அகராதி பார்த்து அனுப்பிய பதில். அந்த எழுத்துக்கு இரண்டு உச்சரிப்புகள். 'கெ' என்றால் பழைய சிற்றரசு ஒன்றின் பெயர். சிலருக்குக் குடும்பப் பெயரும்கூட. 'லி' என்றால் மூன்று கால் பானை. சூடு சீக்கிரம் ஏறட்டுமென்று காலையும் உள்ளே கூடாகவே விடுவார்களாம். கஞ்சி காய்ச்சத்தான். செத்தவர்களுக்கும் பசிக்குமென்று கல்லறையிலும் ஒன்று வைப்பார்களாம். "உங்களுடையது இந்தக் காலத்து நகல், பயப்படாதீர்கள்" என்று முடித்தாள்.

மாப்பிள்ளையின் தகப்பன் குசினியை எட்டிப் பார்த்தார்.

"அப்ப கூழ் எங்கை அண்ணை?"

"தொட்டிக்குள்ளை" என்றேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

அன்று சீனப் பெண்ணும் சேர்ந்து எல்லோரும் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். குழாய் அடைப்பைச் சம்பந்திதான் எடுத்தார். தை மாதம் கல்யாணம் நடந்தது.