சம்பந்தம் சாரைப் பூட்டியது யார்?

போன வாரம் பையனுடைய ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க ஓரிக்கை சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைப் பெண் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு அடிக்கிறாள், அது திருப்பித் துப்புகிறது. மறுபடி அடிக்கிறாள், மறுபடி துப்புகிறது. "காலைலர்ந்து இப்டியே அழும்பு பண்ணிக்கினு இருக்குது அங்கிள்" என்றாள். என்னைக் கேட்காமலே என் கழுத்து மேசைக்கு அந்தப் பக்கம் நீண்டது. "கேப்ஸ் லாக் எரியுது பாரும்மா" என்றேன். அணைத்தாள். திறந்துகொண்டது. "நீங்க கம்ப்யூட்டர் படிச்சவரா அங்கிள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நேரான பதில் கிடையாது.

கடையில் சூடான இயந்திரத்தின் வாசனை அடித்தது. அந்த வாசனை வந்தால் எனக்குப் பழைய மானிட்டர்கள் ஞாபகம் வந்துவிடும். தூசு வறுபடுகிற மாதிரி ஒரு வாசனை அவற்றுக்கு உண்டு. பின்பக்கம் பெருத்து, அம்மிக்கல் கனத்தில் இருக்கும். அப்படி ஐந்தாறு மானிட்டர்கள் இருந்த ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலகத்தில்தான் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தேன். மானிட்டர் வாசனை, புதுப்பட்டின் வாசனை, ஊழியர்கள் தலையில் வைத்து வரும் மல்லிகை வாசனை மூன்றும் அந்தக் கூடத்தில் கலந்து கிடக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே விழித்திருப்பதே ஒரு திறமை.

என் வேலைக்குப் பெயர் 'கம்ப்யூட்டர் உதவியாளர்'. ஒரு சான்றிதழ் படிப்பு முடித்திருந்தேன். அதில் நான் உருப்படியாகக் கற்றது, அணைத்துவிட்டுப் போடுவது. அதையே முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு செய்தால் மரியாதை கிடைக்கும் என்பதை நானாகக் கண்டுபிடித்தேன்.

மேனேஜர் பெயர் சம்பந்தம். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், எதையும் தறியில் ஏற்றித்தான் பேசுவார். நெட்வொர்க் போய்விட்டால் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும்: "தம்பி, ஊடை வரல பாருபா. எங்கியோ இழை அறுந்துடுச்சி!" நான் மேசைக்கு அடியில் தவழ்ந்து, எலி கடித்த ஒயரைத் தேடிப் பிடிப்பேன்.

சர்வர் என்று ஒரு பெட்டி பின்னறையில் இருந்தது. எல்லோருடைய பெயரும் பாஸ்வேர்டும் அதற்குள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லும். காஞ்சிபுரத்தில் சாமி பெயருக்குப் பஞ்சமா? ஆளுக்கு ஒரு கோயிலை எடுத்துக்கொண்டார்கள். கணக்கர் கச்சபேசரை எடுத்துக்கொண்டார். பக்தி முழுமையாக இருந்தது, ஆங்கில எழுத்துத்தான் நாளுக்கு நாள் மாறும். இன்றைக்கு ஒரு எஸ் போடுவார், நாளைக்கு இரண்டு போடுவார். "சாமி பேரு சரியாத்தான் போட்டேன்பா, உன் பொட்டிதான் நாஸ்திகம் பேசுது" என்று சண்டைக்கு வருவார். சில தடவை தப்பாக அடித்தால் அந்தப் பெயர் பூட்டிக்கொள்ளும். பின்னறைக்குப் போய் நான்தான் திறந்துவிட வேண்டும். இதெல்லாம் தினசரிப் பூசை.

விவகாரமானது சம்பந்தம் சாரின் பெயர் பூட்டிக்கொள்ள ஆரம்பித்தபோதுதான். புது பாஸ்வேர்டு மாற்றிய மறுநாளிலிருந்து, காலையில் வந்து உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் அவரை உள்ளே விடவில்லை. அவர் ஒரு எழுத்தும் தப்பாக அடிக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். திறந்துவிடுவேன். மறுநாள் காலை மறுபடியும் பூட்டியிருக்கும்.

"யாரோ என் பேர்ல உள்ள போவப் பாக்கறாங்கபா" என்றார். என் பின்னாலேயே சர்வர் அறைக்கு வந்துவிட்டார். யார் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து முயன்றார்கள் என்று சர்வர் குறித்து வைத்திருக்கும். நான் அதைத் திறந்தேன். என் தோளுக்கு மேலாக அவரும் படித்தார். எல்லா முயற்சியும் ஸ்டாக் பிரிவுக் கம்ப்யூட்டரிலிருந்து வந்திருந்தது.

ஸ்டாக் பிரிவில் இருந்தது எஸ்தர் அக்கா. மாகறலிலிருந்து பஸ்ஸில் வருவாங்க. தற்காலிக வேலைதான், நிரந்தரமாக்கும் உத்தரவு சம்பந்தம் சாரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவங்க அப்பா காலம்வரை அந்தக் குடும்பம் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனது. அந்த வீட்டிலிருந்து முதன்முதலாக மேசை நாற்காலி வேலைக்கு வந்தவங்க எஸ்தர் அக்கா. அலுவலகத்தில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் சர்வர் சொன்னதைக் கேட்டதும் யாருமே ஆச்சரியப்படவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

நடுவில் ஒரு நாள் அக்கா சர்ச் திருவிழாவுக்கு லீவு போட்டாங்க. அன்றைக்குப் பார்த்து சாரின் பெயர் பூட்டிக்கொள்ளவில்லை. "பாத்தியாபா?" என்றார் சார். நான் என்ன சொல்ல? நம் பக்கம் சாட்சி சொல்ல வந்தவனே நம்மைக் கவிழ்த்த கதையாக, லீவே அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. கையெழுத்து நின்றது.

மறுநாள் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அழுவாங்க என்று நினைத்தேன். அழவில்லை. "அவரு பாஸ்வேர்ட வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்? புடவையாட்டம் கட்டிக்க முடியுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாங்க. கணக்கருக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார். அக்கா நிறுத்தவில்லை. "நாளைக்கி நான் அந்தப் பொட்டியத் தொடவே மாட்டேன். தம்பி போடட்டும், நீங்களே பக்கத்துல குந்திக்கினு பாருங்க சார்."

மறுநாள் காலை கல்யாண வீடு மாதிரி எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். எஸ்தர் அக்கா வாசல் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு, முந்தானைக்குள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாங்க. முதலில் சாரின் பெயர் பூட்டாமல் இருக்கிறதா என்று சர்வரில் பார்த்து உறுதி செய்தேன். பிறகு ஸ்டாக் கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட்டேன். அது பாஸ்வேர்டு கேட்காமல் தானாகத் திறக்கிற பெட்டி. நான் கீபோர்டைத் தொடவில்லை. விசிறி இரைந்தது, திரை வந்தது, சின்ன மணல்கடிகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. "இப்போ உங்க ரூமுக்குப் போயி உள்ள போயிப் பாருங்க சார்" என்றேன்.

போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "பூட்டிக்கிச்சிபா!"

அவர் வெளியே வந்தபோது முகத்தில் கோபம் இல்லை, திகைப்புத்தான் இருந்தது. "யாருமே தொடல. அப்போ உள்ள பூந்தது யாருபா?"

அதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. முன்னாடியே உறைத்திருக்கலாம், ஆனால் நான் படித்த படிப்பு அவ்வளவுதான். அந்த ஸ்டாக் கம்ப்யூட்டர் முன்பு சம்பந்தம் சாரின் அறையில் இருந்தது. அவருக்குப் புதுப் பெட்டி வந்ததும் பழையதை ஸ்டாக்குக்குத் தள்ளிவிட்டோம். அதில் சர்வரிலிருக்கும் ஒரு ஃபோல்டரை எளிதாகத் திறக்க, அவர் பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் சேமித்து வைத்திருந்தோம். பெட்டியைப் போடும்போதெல்லாம் அது அவர் பெயரைச் சொல்லிப் போய் சர்வர் கதவைத் தட்டும். பாஸ்வேர்டு பழையது என்று சர்வர் விரட்டும். அது விடாமல் தட்டும். கடைசியில் சர்வர் கோபத்தில் அவர் பெயரையே பூட்டிவிடும். அக்கா லீவு போட்ட நாளில் பெட்டியை யாரும் போடவில்லை, அதனால் பூட்டும் விழவில்லை.

இவ்வளவையும் விளக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சேமித்திருந்த பெயரைத் திரையில் காட்டினேன். "நீங்கதான் சார்" என்றேன்.

கூடமே வெடித்துச் சிரித்தது. கணக்கர் இந்த முறை இருமவில்லை. சம்பந்தம் சாரும் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எஸ்தர், தப்பா நெனச்சிட்டம்மா" என்றார்.

அக்கா முந்தானையிலிருந்து கையை எடுத்தாங்க. "தப்பா நெனக்கிறது இருக்கட்டும் சார். அந்தப் பொட்டியில கோளாறுன்னு ஒருத்தருக்கும் தோணலியே. என் பேருதான தோணிச்சி?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் பதில் தேடினார். கிடைக்கவில்லை. கிடைத்த மாதிரி நடிக்கவும் இல்லை. அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும். தன் அறைக்குள் போனார். அன்றைக்கே உத்தரவில் கையெழுத்துப் போட்டு, அவரே எடுத்து வந்து அக்காவின் மேசையில் வைத்தார். அக்கா நன்றி சொல்லவில்லை. ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு, பெயரில் விட்டுப்போன இன்ஷியலைப் போட்டுத் தரச் சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்தாங்க.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் எது பழுதானாலும், மின்விசிறி நின்றாலும்கூட, சம்பந்தம் சார் "மொதல்ல என் பொட்டியப் பாருபா" என்பார். அவர் கிண்டலாகச் சொல்கிறாரா, மனதாரச் சொல்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எல்லாம் போய்விட்டது. சர்வர் அறையில் இப்போது அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருப்பதாகக் கேள்வி. சார் மகனோடு வெளியூர் போய்விட்டார். அக்கா நிரந்தர ஊழியராகவே ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளோடு மாகறலில் இருக்காங்க.

நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் அதே வேலைதான் பார்க்கிறேன். மேசைக்கு அடியில் தவழ்வது இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கோ இருக்கிறவருடைய திரைக்குள் நுழைந்து, பூட்டைத் திறந்துவிட்டு வந்துவிடுவேன். அவர் ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா, எதுவும் தெரியாது. புகாருக்கு ஒரு எண் உண்டு, அவ்வளவுதான். அன்றைக்கு ஒருவருக்கு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் "டீ சாப்டாச்சா?" என்று அவர் திரையில் தட்டிவிட்டேன். பதில் வந்தது: "இது எந்தப் புகார் தொடர்பான கேள்வி?"