அரை அங்குலப் பழக்கம்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், வீட்டின் முன்னறையிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர் ஜமீலா. யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பதை டேப் வைக்காமலே சொல்லிவிடுவார். அவரிடம் கூட்டம் சேர்ந்ததற்கு முக்கியக் காரணம் ஒன்றுதான். உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பார். உடம்பு போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்த வேலை அவருக்கு அலுத்துவிட்டது. கை பிடிக்கிறது, முதுகு தொங்குகிறது என்று தைத்ததில் பாதி திரும்பி வந்தது. உடம்பே இல்லாத ஒன்றைத் தைக்கக் கிடைக்காதா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கிடைத்தது. திருமழிசைப் பக்கம் அடுக்கு வீட்டில் குடியிருக்கும் கனிமொழிக்கு ஐடி வேலை. அதோடு ஒட்டுத்துணிப் போர்வைகளையும் விற்றாள். நான்கு சதுரத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு கட்டம், கட்டங்களைச் சேர்த்தால் போர்வை. கட்டங்கள் மூன்று அளவில் இருக்கும்: பன்னிரண்டு அங்குலம், ஆறு, மூன்று. ஒரு பெரிய கட்டத்தின் ஓரத்தில் ஆறு அங்குலக் கட்டம் இரண்டு உட்காரும், அல்லது மூன்று அங்குலக் கட்டம் நான்கு. பெரியதை ஜமீலாவுக்கும், சின்னவற்றை வெள்ளானூரில் தைக்கும் பஞ்சவர்ணத்துக்கும் கொடுப்பதாகத்தான் கனிமொழி பேசிக்கொண்டு வந்தாள்.

"அந்தம்மா எதுக்கு? மூணையும் நானே தெச்சுக் குடுத்துர்றேன். இது இன்னா, கழுத்தா கையா? சதுரம்தானே!" என்றார் ஜமீலா.

"சரிக்கா. முதல் போர்வை சரியா வந்துட்டா எல்லாம் உங்களுக்கே. இல்லேன்னா சின்னதெல்லாம் அவங்களுக்குப் போயிடும், கோவிச்சுக்கக் கூடாது."

துண்டுகளை அவளே வெட்டிக் கொடுத்தாள். ஓரத்தில் கால் அங்குலம் மட்டும் விட்டுத் தைக்கச் சொன்னாள். ஜமீலா தலையாட்டினார்.

கட்டங்கள் மளமளவென்று முடிந்தன. டேப் வைத்துப் பார்த்தார். பெரியது பன்னிரண்டு, அடுத்தது ஆறு, கடைசி மூன்று. நூல் பிசகவில்லை. தரையில் பரப்பினால் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. போட்டோ எடுத்து அனுப்பினார். கனிமொழியிடமிருந்து வரிசையாக இதயங்கள் வந்தன.

இணைக்க ஆரம்பித்தபோதுதான் வினை. நான்கு சின்னக் கட்டங்களை ஒரே வரிசையாகத் தைத்துப் பெரியதன் ஓரத்தில் வைத்தார். வரிசை ஒன்பது அங்குலத்திலேயே நின்றுவிட்டது. ஆறு அங்குலத்தில் இரண்டைச் சேர்த்தால் பதினொன்றுதான் வந்தது. இழுத்துப் பார்த்தார். துணி இழுத்தால் வருகிற குறை இல்லை அது.

கணவர் தஸ்தகீர் சோபாவுக்கு உறை தைப்பவர். ஒரு கட்டத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமே இது, உள்ள இம்மாந் துணி வுட்டுகீற? போர்வை இன்னா புள்ள பெத்துக்கப் போவுதா, அப்பால பிரிச்சு வுட?"

"சும்மா கெடங்க நீங்க."

"கால் இஞ்சுனு அந்தப் பொண்ணு சொல்லிச்சா இல்லியா?"

"சொல்லிச்சு. எனக்குக் கேட்டுச்சு, என் கைக்குக் கேக்கல."

கை தன் போக்கில் அரை அங்குலம் விட்டிருந்தது. கனிமொழி சொன்னபடி தைத்திருந்தால், இணைப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டமும் அரை அங்குலம் கூடுதலாகவே இருந்திருக்க வேண்டும்: பன்னிரண்டரை, ஆறரை, மூன்றரை. அந்த அரை, இணைக்கும்போது இரு ஓரத்திலும் கால் காலாகத் தையலுக்குள் போய்விடும். டேப் சரியாகக் காட்டியதே தப்பு. இணைக்கும்போது மீண்டும் அரை அங்குலம் விட்டதில் குறை இரட்டித்தது. பெரிய கட்டத்தில் அது தெரியவில்லை. சின்னது நான்கு சேரும்போது கையகலம் காணாமல் போனது.

மாற்றுத் துணி கிடையாது. பிளேடை எடுத்து எல்லாவற்றையும் பிரித்தார். ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி மெஷின் தகட்டில் அட்டையை வெட்டி ஒட்டினார். துணியின் ஓரம் அட்டையைத் தாண்டாமல் பார்த்துப் பார்த்து மறுபடி தைத்தார். இந்த முறை வரிசைகள் ஓரத்தோடு ஓரம் நின்றன.

ஆனால் பழைய தையல் ஓடிய இடமெல்லாம் ஊசித் துளைகள், இப்போது துணியின் முன்பக்கத்தில். ஜாக்கெட்டைப் பிரித்துவிடும்போது செய்வதையே செய்தார். தண்ணீர் தொட்டு, நகத்தால் கீறி, மேலே இஸ்திரி போட்டார். மஞ்சளிலும் வெள்ளையிலும் துளைகள் மூடிக்கொண்டன. கருநீலத்தில் மூடவில்லை. சின்னக் கட்டங்களில் பெரும்பாலும் கருநீலம்தான்.

சனிக்கிழமை வந்த கனிமொழி போர்வையை வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். கருநீலத்தில் வரிவரியாகப் புள்ளிகள் தெரிந்தன.

"இது என்னக்கா?"

"டிசைன்மா, நட்சத்திரம்" என்றார் தஸ்தகீர்.

"தப்பாத் தெச்சேன். பிரிச்சுத் திரும்பத் தெச்சேன்" என்றார் ஜமீலா.

கனிமொழி ஒரு சின்னக் கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "பெரிய கட்டம் நல்லா இருக்கு. இணைப்பும் நேரா இருக்கு. அது ரெண்டும் உங்களுக்கே இருக்கட்டும். சின்னது மட்டும் பஞ்சவர்ணம்மாவுக்குக் கொடுத்துடறேன்க்கா. சொன்னேன்ல?"

"சொன்னே, சொன்னே." ஜமீலா போர்வையை வாங்கி மடித்தார். மடிப்பு கொஞ்சம் வேகமாகவே விழுந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "அவங்களும் ஜாக்கெட்டுதானே தெக்கிறாங்க?"

"ஆமா, ரொம்ப வருஷமா."

"அப்ப அவங்க சின்னதும் என் பெருசும் சேராது. இணைக்கப் போறது நான்தான். நம்பரக் குடு."

எண்ணை வாங்கி உடனே அழைத்தார். இதுவரை ஒரு வார்த்தையும் பேசியிராத ஆளிடம் முதல் பேச்சே அதிகாரமாக வந்தது. "பூந்தமல்லி ஜமீலா பேசறேன். கனிமொழி போர்வைக்குக் கட்டம் குடுக்கும், அத்தக் கால் இஞ்சுல தெக்கணும். மெஷின்ல மொதல்ல ஒரு அட்டைய ஒட்டிக்கோங்க."

"கால் இஞ்சுல தெச்சா, நாளைக்கு எத்தப் பிரிச்சு வுடறது?" என்று வெள்ளானூரிலிருந்து குரல் வந்தது.

ஜமீலா கனிமொழியைப் பார்த்தார்.

"அட்டைய ஒட்டுங்க, சொல்றேன்" என்றபடி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.