டிவியில் வந்த மஸ்கட் கடிதங்கள்

சூடேறிய பிளாஸ்டிக்கின் மணமும் முற்றத்தில் காயும் நெத்திலியின் மணமும் கலந்தால் எப்படியிருக்கும் என்று எங்கள் ஊரில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. என் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் அந்த மணம்தான். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவிலிருக்கும் எங்கள் கடற்கரைக் கிராமத்தில், 2006 மழைக்காலத்தில், மற்ற பெண்பிள்ளைகள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து கோயில் முற்றத்தில் பாண்டி ஆட, நான் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து "பெட்டி"யோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"பெட்டி" என்று வீட்டில் சொன்னது ஒரு பழைய வீட்டுக் கணினியை. பார்த்தால் தடித்த கீபோர்டு மாதிரிதான் இருக்கும், ஆனால் கணினியே அதற்குள்தான். திரை கிடையாது, டிவியில் சொருக வேண்டும். டிஸ்க் கிடையாது, எழுதிய புரோகிராமை டேப்ரெக்கார்டரில் கேசட்டாகப் பதிந்து வைக்க வேண்டும். அப்பா மஸ்கட்டுக்குப் போன புதிதில், ஊருக்குத் திரும்பிய ஏதோ ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் கழித்துப் போட்ட சாமான்களிலிருந்து அதை எடுத்து, நான் பிறப்பதற்கு முன்பே கொண்டுவந்திருந்தார். உப்புக்காற்றில் அதன் பின்பக்கப் பித்தளைப் பற்கள் வாரத்துக்கொரு தரம் பச்சை பூக்கும், பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தால்தான் உயிர் வரும். கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பத்து வயதிலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்து, அதற்குப் புரோகிராம் எழுத நானாகவே கற்றிருந்தேன். இதில் எனக்கு இருந்த தலைக்கனத்தைப் பற்றி இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். அம்மா, நான், ஐந்தாம் வகுப்புத் தம்பி சாஜூ, அப்பாவின் அக்கா ரோஸ் மாமி. அப்பா மஸ்கட்டில் ஒரு படகு கட்டும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். வளைகுடாவிலிருந்து வரும் கடிதங்களுக்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. முதலில் வீட்டில் மூத்தவருக்கு எழுத வேண்டும், அப்புறம் பிள்ளைகளுக்கு, அப்புறம் அங்கே இருக்கும் ஊர்க்காரர்களின் சேதி, எல்லாவற்றுக்கும் கடைசியில் மனைவிக்கு. கடிதத்தைப் பிள்ளைகளில் ஒருவர் எல்லாரும் கேட்கும்படி சத்தமாக வாசிப்பார், ஆனால் கடைசி வரி வந்ததும் வாசிப்பதை நிறுத்திக் கடிதத்தை மடித்து அம்மாவின் கையில் கொடுத்துவிட வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கக்கூடாது. அம்மா அடுக்களைக்குள் போய் அதை வாசித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலத் தேங்காய் திருவ ஆரம்பிப்பார்.

கம்பெனி ஸ்டோருக்குக் கணினி வந்ததும் அப்பா காகிதத்தில் எழுதுவதை விட்டுவிட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒற்றை விரலால் தட்டித்தட்டி, தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதி, வாரம் முடிய அந்தக் கோப்பை இமெயிலில் இணைத்து அனுப்புவார். நான் சனிக்கிழமை காலையில் பிரவுசிங் சென்டருக்குப் போய் அதைப் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டிலிருந்த செகண்ட்ஹேண்ட் கணினியில் திறந்து வாசிப்பேன். கடைசி வரி வந்ததும் எழுந்து நாற்காலியை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன். பத்தாவது வரை படித்த அம்மா, திரையில் விரல் வைத்து மெதுவாக வாசிப்பார். முறை மாறவில்லை.

அந்த ஐப்பசியில் இடி விழுந்தது. வானம் உறுமினாலே டிவியின் பிளக்கைப் பிடுங்கிவிடும் ரோஸ் மாமி, கணினியின் பிளக்கை மறந்துவிட்டார். கணினி எப்படியோ பிழைத்தது, அதன் மானிட்டர் கருகிப்போனது. அப்பா வரும்வரை புதிது வாங்குவது நடக்காத காரியம். பிரவுசிங் சென்டரிலேயே பிரிண்ட் எடுக்கலாம் என்றால், அந்தக் கடைக்காரர் முழுக்க வாசித்துவிட்டுத்தான் தாளைக் கையில் கொடுப்பார், ஞாயிறு பூசைக்கு முன்னால் அது ஊர்ச்சேதி ஆகிவிடும். அம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார்.

அப்போதுதான் பெட்டியை டெர்மினல் ஆக்கும் யோசனை எனக்கு வந்தது. டெர்மினல் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஒரு கணினி கம்பி வழியே அனுப்புகிற எழுத்தை இன்னொன்று வாங்கித் திரையில் காட்டுவது. திரையைப் பார்க்காமலே நான் தட்டும் கட்டளைக்குக் கண் போன கணினி பிளாப்பியிலிருந்து கடிதத்தை அனுப்ப, பெட்டி அதை டிவியில் காட்டினால் போதும். படகுகளின் ஒயர்லெஸ் செட் பழுது பார்க்கும் நசீர் காக்கா கம்பியைப் பற்றவைத்துக் கொடுத்தார். "மக்கா, இது கம்ப்யூட்டரா, ஆர்மோனியப் பெட்டியா?" என்று கேட்டுக் கடையில் நின்ற எல்லாரையும் சிரிக்கவும் வைத்தார்.

புரோகிராம் எழுத மூன்று வாரம் ஆனது. எழுத்து ஒவ்வொன்றாக வர வர அதை டிவியில் போட்டால், திரை ஒரு வரி மேலே நகரும் நேரத்தில் பெட்டி அடுத்து வரும் எழுத்துகளைத் தவறவிட்டது. வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தும் தீரவில்லை. கடைசியில், வருகிற எழுத்தை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, வரி முடிந்ததற்கு அடையாளமான "என்டர்" வந்த பிறகே மொத்த வரியையும் திரையில் போடும்படி மாற்றி எழுதினேன், தவறுவது நின்றது. எல்லாவற்றையும் மாமியின் பக்திப்பாட்டுக் கேசட்டின் மேலேயே பதிந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமி பாட்டுப் போட, டேப்ரெக்கார்டர் கீச்சென்று அலறியது. "ஏட்டி, மாதாவுக்க பாட்டுல பேய் பூந்துட்டா?" என்று மாமி சிலுவை போட்டுக்கொண்டது இன்றும் எங்கள் வீட்டில் சிரிப்பு.

சோதனை செய்துபார்க்க ஒரு நீளமான எழுத்து வேண்டியிருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நீளமான எழுத்து, தினமும் செபமாலை முடிந்து வீட்டில் சொல்கிற மாதா மன்றாட்டுதான். அதை ஆங்கில எழுத்தில் அடித்துத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தேன். ஒரு வரி விட்டுப்போனாலும் எனக்கு உடனே தெரிந்துவிடும், பின்னால் நிற்கும் மாமிக்கு அதைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும். முடிவில் "ஆமென்" என்று அடித்து, செபம் முடிந்தால் எழுந்திருப்பது போல, கை தன்பாட்டுக்கு என்டரையும் தட்டிவிடும். நாற்பது ஐம்பது தடவை ஓட்டியிருப்பேன், ஒருமுறைகூட ஆமென் விட்டுப்போகவில்லை. பிழையே இல்லை என்று முடிவு கட்டினேன்.

முதல் கடிதம் டிவியில் வந்த சனிக்கிழமை எனக்குக் கிரீடம் வைத்தது போலிருந்தது. நீல நிறத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொரு வரியாக எழும்பி வர, நான் சத்தமாக வாசிக்க, பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட வந்து நின்று பார்த்தார்கள். அம்மா வழக்கம்போல அடுக்களை வாசலில் நின்றார். ஊர்க்காரர்களின் சேதியோடு கடிதம் முடிந்தது. அடாப்டர் சூடாகிவிடும் என்று நான் உடனே பெட்டியை அணைத்தேன். கடைசி வரி இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது உண்மைதான். எல்லாரும் பார்க்கிற டிவியில் வரப்போகிறது என்று நான் எழுதியிருந்ததால் அப்பா அதை விட்டிருப்பார் என்று நானே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டேன். அந்த வரியைப் பற்றிக் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, அதனால் நான் அம்மாவைக் கேட்கவில்லை.

இப்படியே ஏழு சனிக்கிழமைகள் போயின. ஒவ்வொரு முறையும் அம்மா வாசலில் நிற்பார், டிவி இருண்டதும் உள்ளே போய்விடுவார். அந்த வாரங்களில் அம்மா பேச்சு குறைந்து, சாஜூவை அடித்தது கூடியிருந்தது என்று பிற்பாடு யோசிக்கும்போதுதான் உறைத்தது. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா போன் செய்தார். போனில் எங்கள் வீட்டில் யாரும் மனம் விட்டுப் பேச முடியாது, மூன்று பேர் சுற்றி நிற்போம், ரிசீவருக்கு வெளியேயும் கேட்கிற குரல் அப்பாவுக்கு. "லெட்டரு பாத்தியா?" என்றார். "பாத்தேன்" என்றார் அம்மா. "அப்போ சரிதானா?" என்றார். எதைக் கேட்கிறார் என்று தெரியாமலே, அம்மா "சரிதான்" என்றார்.

ஏழாவது கடிதத்தில் சாஜூவுக்குக் கிரிக்கெட் பேட் வாங்கி வைத்திருப்பதாக அப்பா எழுதியிருந்தார். அந்த வரியை இன்னொரு தடவை காட்டச் சொல்லி அவன் தரையில் புரண்டு அழுததால், பெட்டியை அணைக்காமலே அதே கடிதத்தை மறுபடி அனுப்பினேன். வழக்கமாக "அன்புள்ள அக்கா அறிவது" என்று தொடங்கும் முதல் வரி, வேறு எப்படியோ தொடங்கியது.

"ஏட்டி, அது எம் பேரில்லா?" என்றார் அம்மா.

ஆமாம். புஷ்பம் என்று அம்மாவின் பெயர் இருந்தது. "புஷ்பம், நீ சரின்னு சொன்னபடி திங்கக்கிழம கம்பெனித் தாள்ல ஒப்பு போடுதேன், ரெண்டு வருசம் கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள போயிரும்" என்ற வரியின் வாலில், இடைவெளிகூட விடாமல், அன்புள்ள அக்கா ஒட்டிக்கொண்டிருந்தார். அப்பா கடைசி வரிக்குப் பிறகு என்டர் தட்டுவதே இல்லை, எழுதி முடித்தவர் எதற்காக இன்னொரு வரிக்குப் போக வேண்டும்? என்டர் வராததால் என் புரோகிராம் அந்த வரியை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தது, நான் ஒவ்வொரு வாரமும் பெட்டியை அணைத்து அதை அழித்துக்கொண்டிருந்தேன்.

பழைய கடிதங்கள் எல்லாம் பிளாப்பியில் இருந்தன. ஒவ்வொன்றாக, இரண்டிரண்டு தடவை அனுப்ப ஆரம்பித்தேன். ரோஸ் மாமி இரண்டாவது கடிதம் ஓடும்போதே எழுந்துவிட்டார். "ஏலே சாஜூ, வா, மழ வருதுக்கு முன்ன நெத்திலிய அள்ளுவோம்" என்று பேட்டுக்காக நின்ற பிள்ளையை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நானும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். ஆனால் அம்மா திரையில் வைத்த விரலை எடுத்துவிட்டார். "எனக்குக் கண்ணு தெரியேல்ல மக்களே, நீயே வாசி" என்றார்.

எங்கள் வீட்டில் கடைசி வரி சத்தமாக வாசிக்கப்பட்டது அன்றைக்குத்தான். முதல் மூன்று வாரம் அம்மாவின் முதுகுவலியைப் பற்றிக் கேட்டிருந்தார். நாலாவது வாரம், "கம்பெனி இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்லுது. எனக்கு வரத்தான் ஆச. நீ ஒரு வார்த்த சொன்னா போதும்" என்று இருந்தது. ஐந்தாவது வாரம், "நீ ஒண்ணும் எழுதேல்லியே" என்று மட்டும். ஆறாவது, அந்தப் போனுக்கு அடுத்தது, "உனக்குச் சரின்னா எனக்கும் சரி". பதினாலு வயதில் என் அப்பாவின் குரலை என் வாயால் என் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு, நான் வாசித்து முடித்தேன்.

அம்மா நைட்டியின் மேல் ஒரு துவர்த்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு, வீட்டுப் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச வழியில்லாததால் கோயில் முக்கிலிருந்த எஸ்டிடி பூத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பூத்தின் கண்ணாடிக் கதவு பாதிக்கு மேல் சாத்தாது, வெளியே மீன் விற்றுவிட்டு வந்த பெண்கள் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். வீட்டுப் போனில் மாமி கேட்க ஒரு வார்த்தை அதிகம் பேசாத அம்மா, ஊர் கேட்க அங்கே கத்தினார். "நான் பாக்கேல்ல, கேட்டீங்களா? நீங்க எழுதுன ஒண்ணையும் நான் பாக்கேல்ல! ஒப்பு போடாதுங்க. எனக்குச் சரியில்ல. வந்திருங்க." மறுபக்கம் அப்பா என்ன சொன்னார் என்று, அவ்வளவு உரத்த குரல் அவருக்கு இருந்தும், எனக்குக் கேட்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெண் தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தவக்காலம் தொடங்கும் முன்பே அப்பா வந்துவிட்டார். திங்கள்சந்தையில் வலையும் கயிறும் விற்கும் கடை போட்டார், இன்றும் அது நடக்கிறது. நான் திருவனந்தபுரத்தில் மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன், எந்தப் புரோகிராம் கைக்கு வந்தாலும் முடிவில் என்டர் தட்டாத ஒரு வரியை முதலில் கொடுத்துப் பார்க்கிறேன், கூட வேலை செய்பவர்கள் ஏன் என்று கேட்டால் பழக்கம் என்கிறேன். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எஸ்டிடி பூத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். கடிதத்தைக் கூடி உட்கார்ந்து வாசிக்கிற வழக்கம், மூத்தவருக்கு முதல் வரி, மனைவிக்குக் கடைசி வரி என்கிற வரிசை, எல்லாம் போய்விட்டன. இப்போது ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் முகம் பார்த்தே பேசிக்கொள்கிறார்கள், அது நல்லதுதான் என்றே நான் நினைக்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். ஏழு வாரம் அப்படி வாசலில் நின்றீர்களே அம்மா, கடைசி வரி எங்கே என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றேன். அம்மா குழம்புக்குப் பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"கேட்டு, அவிய எழுதேல்லன்னு நீ சொல்லிட்டா?" என்றார்.

உள்ளேயிருந்து அப்பா கண்ணாடியைக் காணோம் என்று சத்தம் போட்டார். அம்மா பயற்றை என் மடியில் தள்ளிவிட்டு, தேடிக் கொடுக்க எழுந்து போனார்.