கூரைக்கு ஓலை

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், ஒரு வியாழக்கிழமை, அக்கா வயதுக்கு வந்தாள். ஓசூரில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு லைனில் ஐந்தாவது வீடு எங்களுடையது. அக்காவைப் பெற்ற அம்மா அவளுக்கு இரண்டு வயதிருக்கும்போதே இறந்துவிட்டார். அடுத்த வருஷம் அப்பா என் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு நான் பிறந்தேன். அந்த வித்தியாசத்தைச் சொல்லும் சொல் எதுவும் எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்காதான், யாராவது கேட்டால், "பெரிசு மூத்த தாரத்துப் பொண்ணு" என்று விளக்கம் கொடுப்பாள்.

வயதுக்கு வந்த பெண் உட்காரப் பச்சைத் தென்னை ஓலையில் குடிசை கட்டுவது தாய்மாமன் உரிமை. அக்காவின் தாய்மாமன் கல்லாவியில் இருந்தார். அப்பாவின் இரண்டாவது கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்கள் வாசலை மிதித்ததில்லை. அம்மாதான் அப்பாவை நேரில் போய் அழைக்கச் சொல்லி அனுப்பினாள். மாமா பதிலே சொல்லவில்லை. சனிக்கிழமை அப்பா திரும்பி வந்து அதைச் சொன்னபோது, மூலையில் பாயில் உட்கார்ந்திருந்த அக்கா தலையைத் தூக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் குடிசை கட்டியாக வேண்டும். பதினோரு மணிவரை வழி பார்த்துவிட்டு அம்மா தன் தம்பியிடம், "நீயே கட்டுடா. புள்ள எத்தன நேரம் காத்துக்கினு இருக்கும்" என்றாள்.

என் மாமா ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுபவர். ஓலை வேலை தெரியாது. வாசலில் ஸ்டீல் டேப்பால் அளந்து, நான்கு மூங்கில்களையும் ரசமட்டம் வைத்து நிமிர்த்தினார்.

"என்னாப்பா, கம்பெனி ஷெட்டு போடறியா?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"ஒரு நூலு சாஞ்சாலும் ரிஜெக்டுதான்க்கா."

உள்ளே அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது, மூன்று நாட்களில் முதல் தடவையாக.

மூன்று பக்கமும் அடைத்து முடிந்தபோது கல்லாவி மாமா சந்துக்குள் வந்தார். தோளில் பச்சை ஓலைக் கட்டு. பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். குடிசையைப் பார்த்ததும் நின்று, கட்டை இறக்கினார்.

"அதான் ஆளு இருக்குதே. என்னெ எதுக்குக் கூப்புட்டீங்க?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். உள்ளே சிரிப்பு நின்றுபோனது.

எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நான் யாரிடமும் பேச மாட்டேன். ஆகவே அவர் எதிரில் போய் நின்று கேட்டேன்.

"நீங்க அக்காவோட மாமாதான? நான் உங்களுக்கு என்னா ஆவணும்?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு ஜன்னலில் தெரிந்த அக்காவின் முகத்தை.

"மருமவ. வேற என்னா?" என்றார்.

என் மாமா உடனே ஸ்டூலிலிருந்து இறங்கினார். "கூரைக்கு ஓலை பத்தலீங்க. நீங்க மேஞ்சாதான் ஆச்சு."

பதினான்கு ஓலை மிச்சம் கிடந்தது. எண்ணியிருந்த நான் சொல்ல வாயெடுத்தேன். என் மாமா என்னை முறைத்துக்கொண்டே அவற்றைக் காலால் சுவருக்குப் பின்னால் தள்ளினார்.

கல்லாவி மாமா வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். அரை மணியில் கூரை முடிந்தது. ஓலை எதுவும் ஒரே மட்டத்தில் இல்லை. ஆனால் பொட்டு வெளிச்சம் உள்ளே விழவில்லை. அக்கா உள்ளே போய் உட்கார்ந்து, தலையைத் தூக்கிக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "கை கழுவிக்கங்கண்ணா. சாப்புடலாம்."

"ஆவட்டும்மா" என்று அவர் சொம்பை வாங்கிக்கொண்டார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அம்மாவுடன் பிறந்தவர் ஒரே ஒரு தம்பி; அண்ணன் கிடையாது. பந்தியில் அதை அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். அவள், நான் கேட்காமலேயே என் இலையில் இன்னொரு வடையை வைத்துவிட்டு நகர்ந்தாள். தப்பைச் சுட்டிக்காட்டியதற்கு எதற்கு வடை என்று எனக்குப் புரியவில்லை. தின்றுவிட்டேன்.